கோப்பு மாறினும் குரல் மாறாதிருக்க



பெங்களூரில் மைக்கோ தொழிற்சாலை எழுந்த அடுகோடியிலும், அதனைப் போன்று தமிழர் குடியேறி வாழும் பிற மாநிலப் பகுதிகளிலும், பழைய திருமண வீடியோ நாடாக்களையும் வட்டுகளையும் நம்மவர் பேணிக் காத்து வருகின்றனர். பாட்டி பாடிய நலுங்குப் பாட்டையும் ஊர்ப் பெரியவரின் வாழ்த்தையும் இன்று அவற்றில் மட்டுமே கேட்க இயலும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பேரக் குழந்தைகளுக்கு அக்குரல்களே தமிழ்ப் பாடமாகவும் அமைகின்றன. அவற்றைக் கைப்பேசிக்கு ஏற்ற கோப்புகளாக மாற்றுங்கால், படம் தெளிவாயிருந்தும் ஒலி மங்கிவிடுவதுண்டு. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இன்று ஆராய்வோம்.

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. பெயர்த்தெழுதும்தோறும் ஏட்டில் பிழை பெருகியது. ஒலிக்கும் அதுவே கதி. எம்பி3, ஏஏசி முதலிய முறைகள், செவி எளிதில் உணராது எனக் கணிக்கும் கூறுகளை நீக்கியே ஒலியைச் சுருக்குகின்றன. சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பு நேரும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கியதைப் பின்னர் 320 ஆக உயர்த்தினால், கோப்புதான் பருக்கும். இழந்த ஒலி மீளாது.

மற்றொரு காரணமும் உண்டு. எண்முறைப் பதிவில் ஒலி அலையை நொடிக்கு இத்தனை முறை என அளந்து குறிக்கின்றனர். அவ்வெண்ணிக்கையில் பாதிக்கு உட்பட்ட அதிர்வெண்களே பதிவில் நிற்கும். 1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் இது 44,100. வீடியோவில் பெரும்பாலும் 48,000. இதனை 8,000 ஆகக் குறைத்தால் 4,000க்கு மேற்பட்ட அதிர்வுகள் ஒழியும். ‘சாமி’, ‘சோறு’ என்னும் சொற்களின் முதலொலியில் கேட்கும் உரசல் பெரிதும் அப்பகுதியைச் சார்ந்தது. ஆதலின் சொல் மழுங்கும்.

இனிப் பரிகாரம். முதலில் மூலத்தையும் மாற்றிய கோப்பையும் அடுத்தடுத்துக் கேட்டு, குறை எதில் உள்ளதெனத் தெளிவோம். கோப்பின் வடிவம் உறை போன்றது. ஒலித்தடம் உள்ளிருக்கும் கடிதம். உறையை மட்டும் மாற்றினால் போதுமாயின், ஒலித்தடத்தை அப்படியே நகலெடுக்கலாம். 2000இல் தொடங்கப்பெற்ற எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டணமில்லா மென்பொருள் இதனைச் செய்யும். மீண்டும் சுருக்குதல் தவிர்க்கவியலாதாயின், மூலத்தின் அளவீட்டு எண்ணிக்கையை மாற்றாமல், ஏஏசி முறையில் இரு தடங்களுக்கும் சேர்த்து 192 கிலோபிட் தருவோம். நாடாவிலிருந்து எடுக்கும்போது, சுருக்காத ஒலியாக 48,000 எண்ணிக்கையில் பதிவுசெய்வது நலம். பதிவின் உச்ச அளவை ஒலி மீறவிடலாகாது. மீறினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு கரகரப்பு எழும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, மூலத்தை எறியாதிருத்தல். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓர் ஏட்டின் சிதைவை மற்றோர் ஏடு திருத்தியது. நம் வீட்டுப் பெரியவர்களின் குரலுக்கோ, பெரும்பாலும் மறு ஏடு கிடையாது.