பொறுப்பைக் குத்தகைக்கு விடலாமா?

(கோவில்பட்டியில் வாலிபர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழிற்கூடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "நாம ஜவுளி யாவாரம், இரும்பு யாவாரம் பண்றவங்க, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற நினைப்பு வருவது இயற்கைதான். நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அட்டை சப்ளை செய்வது என் தொழில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல ஆபீஸ்களின் உள்ளே போய் வந்திருக்கிறேன். மழையை நம்பி விதைத்து, மழை இல்லாமல் கைவிட்ட கரிசல் பூமி இது. நிலம் கைவிட்ட குடும்பங்களுக்குத் தீப்பெட்டிதான் சோறு போட்டது. குச்சி அடுக்குவது, பெட்டி அடைப்பது எல்லாம் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள். எந்த ஊர்ப் பஸ்ஸில் காலை ஏழு மணிக்கு ஏறினாலும் தூக்குச்சட்டியோடு அவர்களைப் பார்க்கலாம்.

அப்படி ஓர் ஆபீஸின் முதலாளி அண்ணாச்சியோடு ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் தடிமனான ஃபைல் ஒன்று. "என்ன அண்ணாச்சி இது?" என்றேன். "சேப்டி ஃபைல் பாய். இதெல்லாம் நமக்கு என்ன தெரியும்? மதுரையிலேருந்து ஒரு சார் வர்றாரு. அவரு பாத்துக்கிடுவாரு" என்றார்.

அந்த "அவரு பாத்துக்கிடுவாரு" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் அண்ணாச்சியின் பக்கத்து நியாயத்தைப் பேசுவோம். அவர் எட்டாம் வகுப்பு. சட்டமோ இங்கிலீஷில். ஒரு துறையா, இரண்டு துறையா? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஒரு பக்கம், தீயணைப்புத் துறை ஒரு பக்கம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பக்கம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். வேறு. பட்டாசு என்றால் மத்திய அரசின் வெடிபொருள் துறையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் படிவம், ஒவ்வொன்றுக்கும் தேதி. தேதி தவறினால் நோட்டீஸ். குச்சி விலை ஏறுகிறது, மெழுகு விலை ஏறுகிறது. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்க 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நெருக்கடியில் இருப்பவர் மாதச் சம்பளத்துக்குத் தனியாக ஒரு சேப்டி ஆபிசரை வைத்துக்கொள்வாரா?

சட்டமும் அவரை அப்படி வைக்கச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி ஆயிரம் தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக இருந்தது. அதற்குக் குறைவான, ஆனால் ஆபத்தான தொழிலுக்கு அரசு தனியாக உத்தரவிடலாம் என்றிருந்தது, அவ்வளவுதான். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 என்று ஆக்கியது. ஆபத்தான தொழில் என்றால் 250. நம் வட்டாரத்தில் அறுபது பேர், எண்பது பேர் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு இது எதுவும் பொருந்தாது. ஆக, மருந்து இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். அதை அறிந்த அதிகாரி மட்டும் இல்லை. அந்த இடத்தில்தான் மதுரை சார் வந்து நிற்கிறார்.

வெளியாள் வருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பழைய சட்டமே லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பளு தூக்கும் சங்கிலியை ஆண்டுக்கு ஒருமுறை, தகுதி பெற்ற ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றது. நம் கண்ணுக்குப் பழகிப்போனது வெளியாள் கண்ணில்தான் படும். நானே பார்த்தேன். வேறோர் ஆபீஸுக்கு வந்த கன்சல்டன்ட் ஃபைலைத் தொடவே இல்லை. நேரே உள்ளே போனார். குச்சிக்கு மருந்து முக்கும் அறையைக் கூட்டிய அதே விளக்குமாற்றை, பெட்டிப் பக்கவாட்டுக்கு மருந்து கலக்கும் அறையில் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். குச்சித் தலையில் இருப்பது குளோரேட். பெட்டியின் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உராய்ந்தால் பற்றிக்கொள்ளும் என்பதுதானே தீப்பெட்டியின் தொழிலே! அந்த இரண்டையும் ஒரே விளக்குமாறு பல நாளாகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. முதலாளி பார்க்கவில்லை, கணக்கப்பிள்ளை பார்க்கவில்லை, வாரம் ஒருமுறை போன நானும் பார்க்கவில்லை. ஒரு விளக்குமாற்றின் விலையில் அன்றைக்கு எத்தனை உயிர் மிஞ்சியதோ! அந்த மனிதருக்குக் கொடுத்த ஃபீஸ் வீண் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அண்ணாச்சியின் மதுரை சார் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் ஆபீஸ் ரூமைத் தாண்டி உள்ளே போய் நான் பார்த்ததில்லை. ஃபைலைப் புரட்டினேன். தீயணைப்பு ஒத்திகை நடந்ததாக ஒரு போட்டோ. பத்துப் பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் நின்ற ஓர் அம்மாவிடம் பிறகு கேட்டேன். "மணி அடிச்சா எங்கிட்டு ஓடணும்னு யாராச்சும் சொன்னாகளா தாயி?" "போட்டோ எடுக்கணும்னு கூப்பிட்டாக பாய், நின்னோம்" என்றார். மருத்துவப் பரிசோதனைப் படிவங்களும் இருந்தன. எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாரும் பூரண நலம்! கந்தகத் தூசியில் இருமிக்கொண்டிருந்த பெண் உள்பட.

இப்போது கேட்கிறேன். அந்தக் கன்சல்டன்டை அண்ணாச்சி எதற்காக அமர்த்தினார்? நெருப்பிலிருந்து காப்பாற்றவா, இன்ஸ்பெக்டரிடமிருந்து காப்பாற்றவா? இதற்கு உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இன்ஸ்பெக்டர் கேட்பது காகிதம் என்றால் கன்சல்டன்ட் விற்பதும் காகிதமாகத்தான் இருக்கும். இதில் அரசுத் துறையின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. நூற்றுக்கணக்கான ஆபீஸ்களுக்கு விரல்விட்டு எண்ணும் அதிகாரிகளை வைத்துவிட்டு, அவர்கள் ஃபைலைத் தவிர வேறு எதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்?

சகோதரர்களே! 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தீ எரிந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டி. இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் வரை மாண்டார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம். விபத்துக்கு முன்பே லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை அது. காகிதத்தில் ஆலை மூடியிருந்தது. உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 11ஆம் தேதி, கராச்சி நகரின் பல்தியாவில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. இதைக் கேளுங்கள்: அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், ஆகஸ்ட் மாதம், அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்று கிடைத்திருந்தது. சான்று கொடுத்தது இத்தாலி நாட்டு நிறுவனம். அந்த நிறுவனமும் தானாக வந்து பார்க்கவில்லை. பாகிஸ்தானில் உள்ள இன்னொரு நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தது. ஐரோப்பாவின் துணி வியாபாரி சான்றை நம்பினான், சான்று கொடுத்தவன் உள் ஒப்பந்தக்காரனை நம்பினான். பூட்டைத் திறக்க வேண்டியவன் மட்டும் யாரும் இல்லை! அந்தத் தீ வைக்கப்பட்ட தீ என்று 2020இல் கராச்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். தீயை வைத்தவன் எவனாக இருந்தாலும், வழி திறந்திருந்தால் வெளியே வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?

"கன்சல்டன்ட் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நாளைக்கு ஒன்று என்றால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்று கேட்கும் வியாபாரிகளை நான் சந்தித்திருக்கிறேன். இல்லை ஐயா. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போபாலில் 1984 டிசம்பரில் ஊரே செத்த பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனி என்றால் அதன் டைரக்டர்களில் ஒருவர்தான் பொறுப்பாளி. சம்பளத்துக்கு ஒரு மேனேஜரை நியமித்து, "இவர்தான் பொறுப்பாளி" என்று எழுதிக்கொடுத்துத் தப்பிக்க முடியாது. பெரிய கம்பெனிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கூட்டு வியாபாரம் என்றால் பங்காளிகளில் ஒருவர். புதிய தொகுப்பிலும் இதே நிலைதான். கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நம் பாஷையில் சொன்னால், கடனைக் கொடுத்துவிட்டு வர ஆளை அனுப்பலாம். அவன் வழியில் செலவழித்துவிட்டால் கடன் யார் தலையில் நிற்கும்? நம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்கு வரும் பெண்ணின் உயிர் சாயங்காலம் வரை நம்மிடம் இருக்கும் அமானிதம். அதை ஃபீஸ் வாங்குபவர் பெயருக்கு மாற்றி எழுத முடியுமா?

கடை வைத்திருப்பவர்கள் "நாங்கள் தப்பித்தோம்" என்று நினைத்துவிடாதீர்கள். கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் செய்தது. நம்முடைய எத்தனை ஜவுளிக் கடைகளில் இருக்கை இருக்கிறது? இருக்கிற ஸ்டூலில் எத்தனை பேரை உட்கார விடுகிறோம்? மாடியில் துணி மூட்டையை அடுக்கிப் படிக்கட்டை அடைத்து வைத்திருக்கிறோமே, அதைப் பார்க்க எந்தக் கன்சல்டன்ட் வேண்டும்?

வாலிபர்களுக்கு வருகிறேன். என் தங்கச்சி மகன் தம்மாமில் சேப்டி ஆபிசர். லண்டன் சர்டிபிகேட் கோர்ஸுக்குக் கடன் வாங்கிப் படித்தான். போன் பண்ணும்போது சொல்வான்: "மாமா, இங்க ஹெல்மெட் போடாம ஒருத்தன் சாரத்துல ஏறினா வேலைய நிறுத்துற அதிகாரம் எனக்கு இருக்கு." எனக்குப் பெருமைதான். ஆனால் மனதுக்குள் ஒரு குறையும் உண்டு. அரபு நாட்டில் சாரத்தைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே கழுகுமலை ரோட்டில் ஒரு மருந்து அறையைப் பார்க்க வேலை இல்லையா? மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் சென்னையிலேயே இருக்கிறது. தொழில் பாதுகாப்பில் ஒரு வருட டிப்ளமோ படிப்பு அங்கே உண்டு. இன்ஜினியரிங், டிப்ளமோ முடித்துவிட்டுக் கடைத்தெருவில் நிற்கும் நம் பிள்ளைகள் விசாரித்துப் பாருங்கள். பத்துச் சின்ன ஆபீஸ்கள் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால், மாதம் இரண்டு மூன்று நாள் ஒவ்வோர் ஆபீஸிலும் அவர் உள்ளே நிற்பார். மதுரையிலிருந்து ஃபைல் மட்டும் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பேச்சை முடிக்கும் நேரத்தில் ஒரு சகோதரர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கன்சல்டன்ட் நல்லவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார். நான் இன்ஜினியர் இல்லை, அட்டை வியாபாரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வந்தவுடன் ஃபைல் கேட்கிறாரா, மருந்து அறைச் சாவியைக் கேட்கிறாரா என்று பாருங்கள். வேலை செய்யும் பெண்களிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசுகிறாரா என்று பாருங்கள். நீங்கள் செலவு செய்ய வேண்டியதை உங்கள் முகத்துக்கு நேரே எழுதிக்கொடுக்கிறாரா, அதில் உங்களுக்குக் கோபம் வருகிறதா என்று பாருங்கள். அண்ணாச்சிக்குப் போன மாதம் வேறொருவரை அழைத்துப் போனேன். இரண்டாவது கதவு ஒன்று போட வேண்டும், சுவரை உடைக்க வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்தார். அண்ணாச்சி என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் கொத்தனாருக்குப் போன் நம்பர் கேட்டார்.