குரைப்பும் கடியும்

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "துரை மிரட்டினால் நாம் ஏன் பயப்பட வேண்டும்? குரைக்கிற நாய் கடிக்காது" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசனை வந்தது. ஜப்பானியரிடமும் இதற்கு ஒப்பான ஒரு பழமொழி உண்டு. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவே.

"யொவாய் இனு ஹொதோ யொகு ஹொஎரு." யொவாய் என்றால் வலுவில்லாத, இனு என்றால் நாய், யொகு ஹொஎரு என்றால் நன்றாகக் குரைக்கும். நடுவில் நிற்கும் 'ஹொதோ' என்ற சிறு சொல்லில்தான் சங்கதியே இருக்கிறது. நாய் எவ்வளவுக்கெவ்வளவு வலுவற்றதோ, அவ்வளவுக்கவ்வளவு அதிகமாகக் குரைக்கும் என்பது பொருள். நம் பழமொழி, கடிக்காது என்று உறுதி கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. அவர்களுடையது கடியைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் குரைக்கிறது என்று காரணத்தைச் சொல்கிறது.

வீண் ஆர்ப்பாட்டம் செய்தவன் போன பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லத் தக்க வார்த்தை இது. முகத்துக்கு நேரே சொன்னால் நாய் என்று ஏசியதாகிவிடும். இதற்குத் தம்பி போல இன்னொன்றும் உண்டு: தூரத்து நாயின் ஊளை. எதிரில் நிற்கத் துணிவில்லாமல் மறைவில் நின்று ஏசுவதை அப்படிச் சொல்கிறார்கள். லயத்து வாசலில் துரையைக் கிழித்துத் தொங்கவிட்டு, ஆபீஸ் படியில் கைகட்டி நிற்பவர்கள் நம்மில் இல்லையா? சிரிக்கிறீர்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

திறமையுள்ள பருந்து நகத்தை மறைத்துக்கொள்ளும் என்றும் அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அடக்கமுள்ள கெட்டிக்காரனைப் புகழ அவர்கள் அதைச் சொல்கிறார்கள். நமக்கோ அதைக் கேட்டால் வேறு நினைவு வருகிறது. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 43ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களில் ஆள் சேர்த்தபோது முதலில் யாரும் குரைக்கவில்லை. நல்ல கூலி, சாப்பாடு, கொஞ்ச காலம்தான் என்று இனிமையாகச் சொன்னார்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனது பின்னால்தான். 415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. போன நம்மவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவே இல்லை. ஆகவே சத்தம் போடாதவன் கடிக்க மாட்டான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

அதேபோல, நிறைவேறாத மிரட்டலெல்லாம் வெறும் மிரட்டல் என்று சொல்வதும் தவறு. அந்த ஜப்பானிலேயே, போர் முடிந்தபின், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியர் 1947 பிப்ரவரி 1இல் பொது வேலை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். ரயில், தபால், பள்ளிக்கூடம் எல்லாம் நிற்கும் என்றார்கள். புத்தாண்டு வானொலி உரையில் பிரதமர் யொஷிதா சங்கத் தலைவர்களை இழிவாகப் பேசினார். நாய் குரைக்கிறது என்று சும்மா இருந்தார்களா? இல்லை. ஜனவரி 31இல் படைத் தளபதி மெக்கார்தரே தலையிட்டுத் தடை போட்டார். போராட்டக் குழுத் தலைவர் ஈ யாஷிரோ அன்றிரவு வானொலியில் கண்ணீரோடு வேலை நிறுத்தம் இல்லை என்று அறிவித்தார். 1948இல் அரசாங்க ஊழியரின் வேலை நிறுத்த உரிமையே பறிபோயிற்று. தோற்றார்கள், உண்மை. ஆனால் அவர்கள் சொன்ன சொல்லுக்குப் பின்னால் ஆள் இருந்தது. அதை எண்ணிப் பார்த்தவர்கள்தான் பயந்தார்கள்.

நம் கிளையோ சென்ற மாதம் மட்டும் மூன்று முறை "வேலை நிறுத்தம்" என்று சொல்லிவிட்டது. இரகசிய வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. பாதிப் பேருக்குச் சந்தா பாக்கி. நிர்வாகம் மூன்று முறையும் பதில் எழுதவில்லை. கிராணி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: துரை சத்தம் போட்டுச் சொன்ன எந்த மிரட்டலையும் நான் டைப் அடித்ததில்லை, மெதுவாகச் சொன்னவற்றைத்தான் அடித்திருக்கிறேன்.

செயலாளர் மேசையில் சந்தாப் புத்தகம் திறந்திருக்கிறது. பாக்கி உள்ளவர்கள் கட்டிவிடுங்கள். வாக்கெடுப்புத் தேதியை முடிவு செய்யாமல் இன்றைக்குக் கலைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.