நரம்பு ஊசிக்குப் பயப்படலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



"பிள்ளைக்கு வலிப்பு வந்தா நரம்புல ஊசி போடுறாங்களே, அது மூளையைக் கெடுத்துடாதா?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. இந்தப் பயத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அதனால் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். அப்போது அதை நிறுத்த ஊசி தேவைப்படாது. ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ அது ஆபத்து. நேரம் ஆக ஆக வலிப்பை நிறுத்துவது கடினம். அப்போது ஊசியைவிட வலிப்புதான் பெரிய கெடுதல்.

முதலில் லோராசெபாம், மிடசோலம் போன்ற ஒன்றைக் கொடுப்பார்கள். இது வலிப்பைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் மூச்சைக் குறைக்கக்கூடும். அதனால்தான் ஆக்சிஜன் உள்ள இடத்தில், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு போடுகிறார்கள். பிறகு பிள்ளை அசந்து தூங்கலாம்.

அதிலும் நிற்கவில்லை என்றால் ஃபெனிடாயின், லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் இவற்றில் ஒன்று. புதுச்சேரி ஜிப்மரில் பிள்ளைகளிடம் மூன்றையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. எதைக் கொடுப்பது என்பதை டாக்டர் பிள்ளையின் நிலையைப் பார்த்து முடிவு செய்வார். ஈரல் கோளாறு இருந்தால் வால்ப்ரோயேட்டைத் தவிர்ப்பார்கள். ஃபெனிடாயின் வேகமாக ஏறினால் ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு மாறும். அதனால் சுமார் 20 நிமிடம் மெதுவாக ஏற்றுவார்கள். "ஏன் இவ்வளவு மெதுவா?" என்று சண்டை போடாதீர்கள், சொட்டு வேகத்தை நாமே கூட்டவும் கூடாது. மெதுவாக ஏறுவதுதான் பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியது:

1. வலிப்பு தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பலன் இல்லை.

2. 5 நிமிடம் தாண்டினால் உடனே 108. கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

3. எத்தனை நிமிடம் வந்தது, பிள்ளையின் எடை, சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து இவற்றை டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள்.

4. ஊசி குத்திய இடம் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, பிள்ளை வலியில் அழுதாலோ, மூச்சு குறைந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும்.

நடவு, களையெடுப்பு நாட்களில் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போகிறோம். அதனால் இதை வீட்டுப் பெரியவங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. அவசரத்துக்கு வண்டிச் செலவுக்கு உள்கடன் உடனே தரலாம் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.