கூத்தாடினால் படிப்பு கெடுமா?

(லூமுட்டில் நடந்த பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



“நாடகம், கூத்துன்னு போனா படிப்பு கெட்டுடும்” என்று வீட்டில் சொல்கிறோம். இலங்கையில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள். மட்டக்களப்பில் உழவரும் மீனவரும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடியது கூத்து. படித்தவர்கள் அதை ஏளனமாகப் பார்த்த காலம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைச் சுருக்கி, மாணவர்களையே ஆட வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ மேடையேறின. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்புப் பிள்ளை சி. மௌனகுரு. படிப்பு கெட்டதா? இல்லை. அந்தக் கூத்தையே ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார், பேராசிரியரும் ஆனார்.

நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்ட பெரியவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளே, அவர்களிடம் பாட்டையும் வசனத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். நாளை பல்கலைக்கழகம் போனால், அங்குள்ள நாடகக் குழுவில் கூச்சப்படாமல் சேருங்கள். பெற்றோர்களே, தடுக்காதீர்கள். மேடையில் வாய் திறந்து பேசிப் பழகிய பிள்ளை, நேர்முகத் தேர்வில் தலைகுனிந்து நிற்காது.