தாள் சொல்லாமல் விட்டது



குற்றாலத்துச் சித்திர சபையை அருகிலேயே கொண்ட குத்துக்கல்வலசையில், மாதிரியைப் பார்த்துச் செய்பவர்களுக்காக, பட்டம் பெறும் உங்கள் முன் பரிந்து பேச வந்திருக்கிறேன். பார்த்துச் செய்தது என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். ஆனால் மாதிரி முடிக்காமல் விட்டதை முடிப்பதும் படைப்புதான் என்பது என் கட்சி. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் மெசோனியே, பில்மான் முதலியோரின் அலங்கார வரைவுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி, தாள்களாக அச்சிட்டு விற்றார்கள். பொற்கொல்லர், தச்சர், பீங்கானில் தீட்டுபவர் எல்லோருக்கும் அவை கைமுதல். சில தாள்களில் ஒரே சட்டத்தின் இடப்பாதி ஒரு விதம், வலப்பாதி வேறு விதம். அச்சுப் பிழையல்ல, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

சோழமண்டலக் கரையின் துணி ஓவியர்களுக்கும் ஐரோப்பிய வணிகர்கள் மாதிரிகள் கொடுத்தார்கள். கேர்தூ பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் அவர்களின் வேலைமுறையை விவரிக்கிறது: தாளில் வரைந்த கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்து, கரித்தூளைத் தேய்ப்பார்கள். துணியில் இறங்குவது வெறும் புள்ளிகள். சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகும் எல்லாம் கைக்காரரின் அறிவு. அது வெறும் கைத்திறன், கற்பனை வெள்ளைக்காரனுடையது என்பீர்கள். ஆனால் வணிகர்கள் சீமைப் பூவைத்தான் கேட்டார்கள். துணியில் மலர்ந்ததோ எந்த நாட்டுத் தோட்டத்திலும் இல்லாத பூ. இத்தகைய துணிகளின் மோகம் முற்றியதால்தான், தன் நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை போட்டது.

இன்னொரு மறுப்பு கனமானது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே காலண்டர்களாக வீடுதோறும் போய், ஊருக்கு ஊர் வேறாக இருந்த முருகன் முகத்தை ஒன்றாக்கிவிட்டன என்பார்கள். பாதி உண்மை. பிரெஞ்சுத் தாள் கேள்வியோடு வந்தது; காலண்டர் நிறம் முதல் நகை வரை தீர்ந்த விடையாக வந்தது. இருந்தும் ராஜுவே மாதிரிகளில் வளர்ந்தவர்தான். சென்னை ஓவியப் பள்ளியில் கற்ற மேல்நாட்டு முறையையும் நாடகத் திரை எழுதிய பழக்கத்தையும் தெய்வங்களுக்குப் பொருத்தியது அவர் எடுத்த முடிவு. அவர் படத்தைப் பார்த்துக் கோபுரத்தில் சுதை வைப்பவருக்கும் தாள் முன்பக்கத்தை மட்டுமே தருகிறது. பக்கவாட்டில் மூக்கு எவ்வளவு எடுப்பாக நிற்பது, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தலை சிறுத்துத் தெரியாமலிருக்க எவ்வளவு பெருக்குவது என்பதைச் சாரத்தில் நிற்கும் அவர்தான் தீர்மானித்தாக வேண்டும்.