தேத்தண்ணிப் போத்தல் பிள்ளையை வளர்க்காது

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் நடைபெற்ற மாதர் அணிக் கூட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற எமது சங்கத்தின் மாதர் தலைவி ஆற்றிய உரை.)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைப் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போன பிறகு, லயத்தில் விட்டுப் போன பிள்ளை பின்னேரம் வரைக்கும் என்ன சாப்பிடுகிறது என்பதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். இதுவும் சங்கத்தின் வேலைதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. ஆயம்மாவாக வேலை செய்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மகள் வேலைக்குப் போனாள், பேத்தியை நான் பார்த்தேன். அப்போது அவளுக்கு பத்து மாதம். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது, மூன்று மாதமாக நிறை ஏறவில்லை. கார்ட்டில் கோடு படுத்துக் கிடந்தது. மருத்துவமாது என்னைப் பார்த்து, "அம்மா, காலையிலிருந்து என்னென்ன கொடுக்கிறீங்க, ஒன்றும் விடாமல் சொல்லுங்க" என்று கேட்டார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. ஏழு மணிக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தேன். பத்து மணிக்கு அழுதாள், போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணி. மத்தியானம் நாலு வாய் சோறும் பருப்புத் தண்ணியும். மூன்று மணிக்குத் திரும்பவும் தேத்தண்ணி. பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன நான், என் வீட்டில் இதைத்தான் செய்தேன். வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை.

ஒரு கணக்கைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். பெருந்தோட்டங்களில் 31.7 வீதம். அதாவது நம் லயங்களில் மூன்று பிள்ளைகளை நிறுத்தினால் ஒரு பிள்ளை குட்டை. "எங்க பரம்பரையே குள்ளம்தான்" என்று நாம் சொல்லிக்கொள்வோம். அது அப்படியல்ல. வயிற்றில் இருக்கும்போதும் பிறந்து இரண்டு வயது வரைக்கும் சரியான சாப்பாடு கிடைக்காவிட்டால், அடிக்கடி வயிற்றோட்டமும் சளியும் வந்தால், பிள்ளையின் உயரம் நின்றுவிடும். அந்த வயதில்தான் மூளையும் வளர்கிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் "படிப்பு ஏறவில்லை" என்று பிள்ளையை அடிக்கிறோம்.

இது நம்முடைய கவனக்குறைவால் மட்டும் வந்ததுமல்ல. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் குறைந்து தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபாவைத் தொட்டபோது, ரொட்டியைக்கூட எண்ணிச் சுட்டோம். கையில் காசு குறையும்போது முட்டையும் கருவாடும்தான் முதலில் நிற்கும். கடைசி வரைக்கும் நிற்காதது தேத்தண்ணிதான்.

சட்டத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் இருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பும் போஷாக்கும் கிடைப்பதைத் தோட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொல்லியிருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்துச் சட்டம் அது. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது, இன்றைக்குப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று நாம் அறிந்த அமைப்பு உருவானது. அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அதில் இருக்கின்றன. பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆனதும், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்ததும் அதன் வழியாகத்தான். ஆகவே பிள்ளையின் சாப்பாடு நம் சங்கமும் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு உரிய விஷயம். அதனால்தான் இது சங்கத்தின் வேலை என்று சொன்னேன்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நிலையத்துக்குப் போவதில்லை. சில டிவிசன்களில் அது தூரம். மழை நாளில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறக்கம் இறங்க முடியாது. கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் மலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு ஞாயிறும் இல்லை, நேரமும் இல்லை. அந்த நேரத்தில் நிலையம் பூட்டிக் கிடக்கும். அதனால் பிள்ளை பாட்டியிடம், அல்லது காம்பராவிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. நிலையத்தில் கிடைக்கும் சாப்பாட்டையும் பயிற்சியையும் அந்த வீட்டுக்கும் எப்படிக் கொண்டுபோவது? இதுதான் இன்றைய கேள்வி.

பார்த்துக்கொள்கிறவர்கள் நான்கு காரியங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, தேத்தண்ணி. நாம் கொய்யும் கொழுந்துதான், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தேயிலைச் சாயம் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீர ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் சாயத்தைக் கொடுத்தால் இரத்தம் ஊறாது, பிள்ளை சோர்ந்து கிடக்கும். சீனி பசியை அடக்கிவிடும், அதனால் சோற்றை வாயில் வாங்காது. இரண்டு வயது வரைக்கும் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர் போதும். அதையும் போத்தலில் வேண்டாம், கோப்பையில் கொடுங்கள். ரப்பர் சூப்பியை எவ்வளவு கழுவினாலும் அழுக்கு நிற்கும், வயிற்றோட்டம் அங்கிருந்துதான் வரும்.

இரண்டாவது, தண்ணிச் சாப்பாடு. எட்டு மாதப் பிள்ளையின் வயிறு ஒரு சின்னக் கோப்பை அளவுதான். அதைக் கஞ்சித் தண்ணியாலும் பருப்புத் தண்ணியாலும் நிரப்பினால் சத்துக்கு இடம் எங்கே? தண்ணியைப் பெரியவர்கள் குடியுங்கள், பருப்பைப் பிள்ளைக்கு மசித்துக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கட்டியாக இருக்க வேண்டும். அதோடு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால், அதே அளவுச் சாப்பாட்டில் பலம் கூடும்.

மூன்றாவது, எத்தனை தரம். பெரியவர்களைப் போல மூன்று வேளை பிள்ளைக்குப் போதாது. ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரை இரண்டு மூன்று தரம், ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு தரம், நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. இரண்டு வயது வரைக்கும் தாய்ப்பாலும் சேர்த்து.

நான்காவது, திரிபோஷா. சோளம், சோயா, பால்மா சேர்ந்த இந்த மா 1973ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் கொடுக்கப்படுகிறது. 750 கிராம் பைக்கற் இரண்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு. நாளுக்கு 50 கிராம். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? உருண்டை பிடித்து வீட்டில் எல்லோருக்கும் கொடுப்போம், ஒரு கிழமையில் முடிந்துவிடும். மற்றப் பிள்ளைகளும் பசியோடு பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கார்ட்டில் கோடு இறங்கியது அந்தச் சின்னப் பிள்ளைக்குத்தான். அதன் பைக்கற்றைத் தனியாகத் தகரத்தில் போட்டு வையுங்கள்.

"இதெல்லாம் சரி, சாமானுக்கு எங்கே போவது?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. இறைச்சியும் அப்பிளும் வாங்கச் சொல்லி நான் வரவில்லை. லயத்துக் காணியைப் பாருங்கள். பொன்னாங்காணி, வல்லாரை, தண்டுக்கீரை, பூசணி இலை, இவை தானாகவே வளரும். பூசணிக்காயும் வத்தாளங்கிழங்கும் வேலியோரத்தில் காய்க்கும். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் லொறியில் கொழும்புக்குப் போகின்றன, அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பிள்ளை வெறும் ரொட்டி தின்கிறது. கீரையோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால், அல்லது கொய்யா, பப்பாசித் துண்டு கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

நெத்தலிக் கருவாட்டை உப்புப் போக நன்றாகக் கழுவி, வறுத்து, இடித்துத் தூளாக்கி ஒரு போத்தலில் வையுங்கள். சோற்றில் ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். முட்டையை ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக அவித்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. நாலு கோழி வளர்க்க முடிந்த வீடு முட்டையை எல்லாம் கடைக்கு விற்காமல் பிள்ளைக்கு ஒன்றை எடுத்து வைக்கட்டும். பயறு, கௌபி, கடலையை அவித்து மசித்துக் கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

நான் என் பேத்திக்கு மாற்றியது இவ்வளவுதான். காலையில் தாய்ப்பால் குடித்த பிறகு சோறும் பருப்பும் அரை முட்டையும். பத்து மணிக்கு வாழைப்பழம் அல்லது மசித்த பூசணிக்காய். மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, கருவாட்டுத் தூள். மூன்று மணிக்குத் திரிபோஷா. இரவு வீட்டுச் சாப்பாடு, மிளகாய் போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்தது. இரண்டு மாதம் கழித்து நிறுத்தபோது கோடு மேலே ஏறியிருந்தது. மகளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் கிடைத்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

இனித் தாய்ப்பால். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். பிரசவ லீவு 12 வாரம். மூன்று மாதத்தில் தாய் மலைக்குப் போனால் மிச்ச மூன்று மாதம் என்ன செய்வது? சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்டும் நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை காப்பகம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். இது துரையின் தயவு அல்ல, உரிமை. ஆனால் நடப்பு என்ன? "பால் கொடுக்கப் போனால் கொழுந்து கிலோ குறையும், பேர் விழாது" என்ற பயம். அந்தப் பயத்தில் தாய் போவதில்லை, பிள்ளைக்குப் போத்தல் வருகிறது. சுத்தமான கோப்பையில் பாலைக் கறந்து மூடி வைத்துவிட்டும் போகலாம். நம் குளிருக்கு நாலு மணித்தியாலம் கெடாது.

நமக்குச் சொந்தமான ஒரு உதாரணம் அக்கரையிலும் இருக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே பிள்ளைக் காப்பகம் எழுதப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் பள்ளிக்கூடத்துக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கும் வந்தது. பிறகு சோற்றோடு முட்டையும் சேர்ந்தது. முதலில் எப்போதாவது ஒன்று, பிறகு கிழமைக்கு ஒன்று, பிறகு கூடியது. சின்னதாகத் தொடங்கியது போகப் போகப் பெரிதாகியது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் தோட்டக் கமிட்டிக்கு ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் தினமும் சமைத்த மத்தியானச் சாப்பாடு, கிழமையில் சில நாளாவது முட்டையோ நெத்தலியோ அதில் இருக்க வேண்டும். கிழமைச் சாப்பாட்டுப் பட்டியல் கதவில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, நிலையம் பெரட்டுக்கு முன்னால் திறந்து, பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும் வரைக்கும் திறந்திருக்க வேண்டும்.

மூன்று, வீட்டில் பிள்ளை பார்க்கும் பாட்டிமாரையும் அக்காமாரையும் மாதம் ஒரு தரம் நிலையத்துக்கு அழைத்து, சமைத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளை அங்கேயே நிறுக்க வேண்டும்.

நான்கு, பாலூட்டப் போகும் தாயின் கிலோ குறைவு அவளுடைய பேரில் விழக்கூடாது.

ஐந்து, ஒவ்வொரு லயத்துக்கும் கீரைப் பாத்தி போடக் காணியும் தண்ணிப் பைப்பும்.

கமிட்டித் தலைவர்மாரே, அடுத்த தடவை துரையோடு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கூரைத் தகரத்துக்கு முன்னால் இந்தக் கடதாசியை வையுங்கள். தாய்மாரே, பாட்டிமாரே, நீங்கள் துரைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் அந்தப் போத்தலை எடுத்து ஒதுக்கி வையுங்கள். பருப்பைக் கட்டியாக மசியுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கார்ட்டை எடுத்துக்கொண்டு போய், கோடு எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் மறைக்காமல் மாதர் அணியிடம் வந்து சொல்லுங்கள். என் கோடும் இறங்கித்தான் இருந்தது.