கல்லாற்றுக்கு ஒரு தூண்டிற்கோல்



திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர், 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறத் தொடங்குமுன் கல்லாற்றைக் காண்பர். உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. இரு கரையிலும் மரக்கிளைகள் கவிந்து நிற்கின்றன. வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி இதுவே. இத்தகைய ஓடைக்கேற்ற ஈத்தூண்டிற்கோல் ஒன்றை முதன்முதலாகத் தம் கையாலேயே செய்ய விரும்புவோர்க்குச் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

மண்புழு கோத்து எறியும் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ, முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்குக் கனமே கிடையாது. ஆதலால் நரம்பையே தடித்ததாகச் செய்து, அதன் கனத்தைக் கோலின் வளைவால் வீசுகிறார்கள். கோலை ஒரு வில்லாகவே கருதுதல் வேண்டும்.

இக்கலைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு பழையது. சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் இடுதலைப் பற்றி 1873இல் நூல் வெளியிட்டார். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் டிரௌட் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. மேனாட்டார் பட்டைகளாகப் பிளந்து ஒட்டிய பழைய கோல்களுக்குக் கல்கத்தாவிலிருந்து சென்ற நம் மூங்கிலே பயன்பட்டது. பின்னர்த் தென்சீன மூங்கில் அதன் இடத்தைப் பெற்றது. இன்று பெரும்பாலும் கார்பன் இழைக் கோல்களே வழங்குகின்றன.

மூங்கிலைப் பிளந்து இழைப்பதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். புதியவர், கார்பன் இழையாலான வெறுங்கோலை வாங்கித் தொடங்குதல் நலம். கிளைகள் தாழ்ந்த கல்லாற்றுக்கு 7 அடி நீளமும், 4ஆம் எண் நரம்புக்குரிய மென்மையும் போதும். கோல் இரு துண்டாயின் ஒவ்வொன்றையும் தனியே சோதியுங்கள். அடியை மேசைமேல் ஊன்றி, நுனியைக் கையால் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால், ஒரு நிலையில் அது தானே திரும்பி அமரும். அதுவே கோலின் முதுகு. அங்கே குறியிட்டு, அக்கோட்டையொட்டி வளையங்களை அமையுங்கள்.

தக்கைப் பிடியையும் ரீல் இருக்கையையும் மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசையால் ஒட்டலாம். நுனி வளையம் நீங்கலாக எட்டு வளையங்கள் வேண்டும். நுனியில் நெருங்கியும், கீழே வரவர விலகியும் அவை அமைதல் வேண்டும். நூல் சுற்றுமுன் அவற்றை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, நரம்பைக் கோத்து, கோலை வளைத்துப் பாருங்கள். நரம்பு வளைவைத் தழுவிச் செல்லாமல் எங்கேனும் குறுக்கே நேராக ஓடினால், பாரம் ஓரிடத்தில் குவியும். மீன் வலித்து இழுக்கையில் கோல் அங்கே முறியக்கூடும். வளையத்தை நகர்த்தித் திருத்த வேண்டிய வேளை இதுவே. மெருகு இறுகியபின் திருத்துவது அரிது.

பிறகு நூலை இடைவெளியின்றிச் சுற்றி மெருகு பூசுங்கள். அது இறுகும்வரை சில மணிநேரம் கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். இன்றேல் மெருகு ஒரு பக்கமாக வழிந்துவிடும்.

கோல் முடிந்தவுடன் ஆற்றுக்கு ஓடிவிடலாகாது. முதலில் திறந்த வெளியில், முள்ளின்றி வீசிப் பழகுங்கள். வனப்பகுதியில் தூண்டில் இட வனத்துறையின் அனுமதி வேண்டும். பாறைகள் வழுக்கும், மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன்களுள் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆகவே முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட்டுத் தூண்டில் இடுங்கள். அகப்பட்ட மீனை நனைந்த கையால் விடுவித்து, உயிரோடு நீரில் விட்டுவிடுங்கள்.